அயர்ன் ஹார்வெஸ்ட்: மெக்கில் ஏறும் முன் காலாட்படையைப் பழகுங்கள்

அயர்ன் ஹார்வெஸ்ட் என்ற போர் வியூக வீடியோ விளையாட்டை வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் அதில் வரும் மெக்குகளை, அதாவது கால்களால் நடக்கும் ராட்சத இரும்புப் போர் இயந்திரங்களைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நியாயம்தான். கரிப்புகை கக்கிக்கொண்டு, நீராவி சீற, கோதுமை வயலுக்கு நடுவே இரண்டு மாடி உயரத்தில் ஒன்று நடந்துவந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் முதல் சில ஆட்டங்களில் தோற்பதற்கும் அதே ஆசைதான் காரணம். கையில் இருக்கும் இரும்பையும் எண்ணெயையும் கொட்டி ஒரு மெக்கைக் கட்டுவார்கள். அதைத் தன்னந்தனியாக எதிரி முகாமை நோக்கி அனுப்புவார்கள். ஐந்து பேர் கொண்ட ஒரு காலாட்படைக் குழு பின்பக்கமாகப் போய் அதைப் பிளந்துவிடும். அதற்குள் மேப்பில் பிடித்துவைக்க வேண்டிய இடங்களைக் குறிக்கும் கொடிகள் எல்லாம் எதிரி கைக்குப் போயிருக்கும்.

இந்த விளையாட்டை வெல்வது காலாட்படை. மெக் அதற்குத் துணை. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் பாதித் தலைவலி குறையும். கீழே சொல்வதெல்லாம் அந்த வரிசையில்தான் வருகிறது.

வாங்கும் முன்

ஜெர்மனியின் பிரேமன் நகரில் இருக்கும் கிங் ஆர்ட் கேம்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கியது இது. 2018-இல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. டீப் சில்வர் என்ற நிறுவனம் வெளியிட, 2020 செப்டம்பர் 1 அன்று விண்டோஸ் கணினிக்கு வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் கன்சோல்களுக்கும் வந்தது.

கணினியில் விளையாட முடிந்தால் கணினியிலேயே விளையாடுங்கள். நாலைந்து குழுக்களை ஒரே நேரத்தில் நாலு திசையில் ஓட்ட வேண்டிய விளையாட்டு இது. மவுஸும் கீபோர்டும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கன்ட்ரோலரிலும் ஆடலாம், கேம்பெய்னை, அதாவது கதையாகப் போகும் பகுதியை, முடிக்கலாம். ஆனால் நெருக்கடி நேரத்தில் சரியான குழுவைத் தேர்ந்தெடுப்பதற்குள் அது செத்திருக்கும்.

தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத லேப்டாப்பில் இதை எதிர்பார்க்க வேண்டாம். கட்டடங்கள் இடிவதும் தூசி கிளம்புவதும் இந்த விளையாட்டின் உயிர், அதற்குக் கார்ட் வேண்டும். உங்கள் கணினி தாங்குமா என்று சந்தேகம் இருந்தால் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்குங்கள். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கேம்பெய்னின் முதல் இரண்டு கட்டங்களை ஆடிப் பார்க்க அந்த நேரம் தாராளம். மெக்குகள் மோதும் காட்சியில் திரை திணறினால் செட்டிங்ஸில் முதலில் நிழலைக் குறையுங்கள். அப்புறமும் திணறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தள்ளுபடிக்குக் காத்திருப்பதும் நல்லது. பழைய விளையாட்டு என்பதால் பண்டிகைக் காலத் தள்ளுபடிகளில் விலை நன்றாக இறங்கும்.

யார் யார், எங்கே, எப்போது

கதையைத் தெரிந்துகொள்ளாமலும் ஆடலாம். ஆனால் இதன் சுவையில் பாதி அந்த உலகத்தில்தான் இருக்கிறது.

போலந்து ஓவியர் யாகுப் ருஸால்ஸ்கி 1920-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு கற்பனை ஐரோப்பாவை வரைந்துவந்தார். அறுவடை செய்யும் விவசாயிகள், மேயும் மாடுகள், குதிரைகள். அவர்களுக்குப் பின்னால், தொடுவானத்தில், துருப்பிடித்த இரும்பு அரக்கன் ஒன்று நடந்து போகும். அந்த ஓவியங்களை வைத்து முதலில் 2016-இல் சைத் என்ற பலகை விளையாட்டு வந்தது. அதை வடிவமைத்தவர் ஜேமி ஸ்டெக்மையர். அதே உலகத்தில்தான் அயர்ன் ஹார்வெஸ்ட்டும் நடக்கிறது. சைத் ஆடியவர்களுக்கு இங்கே சில முகங்கள் பழகியவையாக இருக்கும்.

முதல் உலகப் போர் முடிந்திருக்கிறது. அதில் மெக்குகள் இறங்கியிருக்கின்றன. பொலேனியா என்பது போலந்து, சாக்சனி என்பது ஜெர்மனி, ரஸ்வியட் என்பது ரஷ்யா. நிஜத்தில் போலந்துக்கும் சோவியத் ரஷ்யாவுக்கும் 1919 முதல் 1921 வரை போர் நடந்தது. 1920 ஆகஸ்டில் வார்சா நகரின் வாசலில் செம்படையைப் போலந்து திருப்பி விரட்டியது. அந்த வரலாற்றுச் சூடு இந்தக் கற்பனைக்குள்ளும் இருக்கிறது. ஆனால் இங்கே ஜார் மன்னர் இன்னும் அரியணையில் இருக்கிறார். நிஜத்தில் 1916 டிசம்பரில் கொல்லப்பட்ட சாமியார் ரஸ்புடின் இங்கே உயிரோடு திரிந்து சதி செய்கிறார். விஞ்ஞானி நிகோலா டெஸ்லா ஒரு மர்மத் தொழிற்சாலையை வைத்திருக்கிறார். இதற்கு மேல் சொன்னால் கதை கெட்டுவிடும்.

ஒலி அமைப்பில் ஒரு விஷயம். கதாபாத்திரங்கள் அவரவர் சொந்த மொழியிலேயே பேசும்படி வைக்கலாம். போலிஷ், ரஷ்யன், ஜெர்மன் என்று கலந்து காதில் விழும், ஆங்கில எழுத்து கீழே ஓடும். எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுவதை விட இது பல மடங்கு மேல். செட்டிங்ஸில் முதலில் இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: பொலேனியா கேம்பெய்னில் தொடங்குங்கள்

நேரடியாக ஸ்கர்மிஷுக்கோ (கதை இல்லாமல் கணினியோடு மோதும் தனி ஆட்டம்) மற்றவர்களோடு ஆடும் மல்டிபிளேயருக்கோ போக வேண்டாம். பொலேனியா கேம்பெய்ன்தான் பாடப் பகுதி. அதன் முதல் கட்டமே குழந்தைகளின் பனிப்பந்துச் சண்டை. சிறுமி அன்னா கோஸும் அவள் தோழர்களும் பனி உருண்டைகளை எறிந்துகொள்வார்கள். சிரிப்பாகத் தோன்றும். ஆனால் மறைவில் நிற்பது, சுற்றி வளைப்பது எல்லாம் அங்கேயே சொல்லித்தரப்படுகிறது. அவசரப்பட்டு ஓடாதீர்கள்.

அடுத்த கட்டத்தில் அன்னா வளர்ந்து, குறிபார்த்துச் சுடுபவளாகி, வோய்டெக் என்ற கரடியோடு வருகிறாள். இந்தப் பெயர் சும்மா வைத்ததல்ல. இரண்டாம் உலகப் போரில் போலந்து வீரர்கள் 1942-இல் ஈரானில் ஒரு கரடிக்குட்டியை வாங்கி வளர்த்தார்கள். அதன் பெயர் வோய்டெக். படைப் பதிவேட்டில் அதையும் ஒரு வீரனாகச் சேர்த்தார்கள். 1944-இல் இத்தாலியின் மான்டே கசினோ போரின்போது பீரங்கிக் குண்டுப் பெட்டிகளை அது தூக்கிச் சென்றதாகச் சொல்கிறார்கள். போருக்குப் பின் எடின்பரோ மிருகக்காட்சிசாலையில் இருந்து 1963-இல் இறந்தது. விளையாட்டு அந்தக் கரடியை இருபது வருடம் முன்னால் கொண்டுவந்து அன்னாவிடம் கொடுத்திருக்கிறது.

அன்னாவையும் கரடியையும் ஆரம்பத்தில் கையாளும்போது ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். அன்னா தூரத்தில் நிற்கட்டும், கரடி கிட்டே போகட்டும். இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் தேர்ந்தெடுத்து ஒரே இடத்துக்கு அனுப்பினால் இருவரின் பலமும் வீண். பின்னால் நீங்கள் ஓட்டப்போகும் எல்லாப் படைக்கும் இதே விதிதான்.

பொலேனியாவை முடித்தபின் ரஸ்வியட், அப்புறம் சாக்சனி என்று கதை போகிறது. மூன்றும் ஒரே கதையின் தொடர்ச்சி என்பதால் வரிசையை மாற்றாதீர்கள். எல்லாம் சேர்த்து இருபதுக்கு மேற்பட்ட கட்டங்கள். சிரமத்தை முதலில் எளிதில் வையுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. சில கட்டங்கள் தேவைக்கு மேல் இழுக்கின்றன என்பது என் அபிப்பிராயம். குறிப்பாக, முகாம் கட்டாமல் கொடுத்த ஆட்களை மட்டும் வைத்து ஒளிந்து ஒளிந்து போகச் சொல்லும் கட்டங்கள். அங்கெல்லாம் அடிக்கடி சேவ் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: விரல்களைப் பழக்குவது

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடிப் பழகியவர்கள் இங்கே வந்தால் கொஞ்சம் தடுமாறுவார்கள். விறகு வெட்ட, தங்கம் தோண்ட கிராமத்து ஆட்கள் கிடையாது. நூறு பேர் படை கிடையாது. பத்துப் பன்னிரண்டு குழுக்கள்தான், ஒவ்வொன்றையும் நீங்கள்தான் கவனிக்க வேண்டும். 2006-இல் வந்த கம்பெனி ஆஃப் ஹீரோஸ் ஆடியிருந்தால் வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும், அதே வார்ப்புதான்.

ஆகவே மூன்று பழக்கம் வேண்டும். கன்ட்ரோல் விசையோடு எண்ணை அழுத்திக் குழுக்களுக்கு எண் கொடுங்கள். பொறியாளருக்கு ஒன்று, முன்வரிசைக் காலாட்படைக்கு இரண்டு, மெக்குகளுக்கு மூன்று என்று எப்போதும் ஒரே வரிசையில் வைத்தால் விரல் தானாகப் போகும். அடுத்து, ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உத்தரவு கொடுப்பது. ஒரு பொறியாளரிடம் பாரக்ஸ் (காலாட்படை தயாராகும் கட்டடம்) கட்டு, பிறகு மணல்மூட்டை அடுக்கு என்று சொல்லிவிட்டு நீங்கள் சண்டையைப் பார்க்கப் போகலாம். மூன்றாவது, பின்வாங்கும் பொத்தான். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் தொடவே தொடாத பொத்தான் அது.

மூன்றாம் படி: இரும்பு, எண்ணெய், கொடி

இரண்டே வளங்கள். இரும்பு, எண்ணெய். இரண்டும் மேப்பில் ஆங்காங்கே இருக்கும் சுரங்கங்களிலிருந்தும் எண்ணெய்க் கிணறுகளிலிருந்தும் தானாக வந்துகொண்டிருக்கும். உங்கள் ஆட்கள் அந்தக் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்று அதை உங்கள் நிறத்துக்கு மாற்ற வேண்டும். எதிரியும் வந்து அதையே செய்வான். யாரிடம் அதிகக் கொடி அதிக நேரம் இருக்கிறதோ அவரிடம்தான் மெக் கட்ட வசதி இருக்கும்.

இதில்தான் காலாட்படையின் மதிப்பு தெரிகிறது. மலிவானது, சீக்கிரம் தயாராகும், ஒரே நேரத்தில் நாலு இடத்தில் நிற்கும். விலையுயர்ந்த ஒற்றை மெக் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் ஒரு இடத்தில்தான் நிற்க முடியும்.

வளக் கொடிகள் போக, வெற்றிப் புள்ளி தரும் கொடிகளும் உண்டு. ஸ்கர்மிஷில் எதிரியின் முகாமை அழித்தும் ஜெயிக்கலாம், இந்தப் புள்ளிகளைச் சேர்த்தும் ஜெயிக்கலாம். புதியவர்களுக்கு இரண்டாவது வழிதான் சுலபம். எதிரி முகாமைப் போய் முட்டிக்கொண்டே இருப்பதை விட, கொடியைப் பிடித்துக்கொண்டு எதிரியை உங்களிடம் வரவையுங்கள். சண்டை நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் நடக்கும்.

மேப்பில் பெட்டிகளும் கிடக்கும். சிலவற்றில் வளம், சிலவற்றில் ஆயுதம். முதல் சில நிமிடங்களில் வழியில் கிடப்பதை எல்லாம் எடுத்துக்கொண்டே போங்கள்.

நான்காம் படி: முதல் ஐந்து நிமிடம்

ஆட்டம் ஆரம்பிக்கும்போது ஒரு தலைமையகமும் கொஞ்சம் வளமும் பொறியாளர்களும் இருப்பார்கள். இப்படிப் போங்கள்:

1. பொறியாளரை உடனே பாரக்ஸ் கட்ட அனுப்புங்கள். அவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே தலைமையகத்தில் துப்பாக்கிக் குழுக்களைச் சொல்லிவிடுங்கள். தலைமையகம் ஒரு நொடிகூடச் சும்மா இருக்கக் கூடாது.

2. முதல் குழு பக்கத்து இரும்புக்கு, இரண்டாவது பக்கத்து எண்ணெய்க்கு. எதிரிக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் கொடிக்கு மூன்றாவது குழு. நடுக்கொடிக்கு முதலில் ஓட ஆசை வரும், வேண்டாம். வீட்டு வாசலில் இருப்பது வருமானம், அதை முதலில் பிடியுங்கள்.

3. பாரக்ஸ் முடிந்ததும் மெக்கைத் துளைக்கும் கன்னர் குழு ஒன்றைச் சொல்லுங்கள். எதிரியிடம் இன்னும் மெக் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். முதல் மெக் வந்து நின்றபின் சொன்னால் காலம் கடந்துவிடும்.

4. பிடித்த கொடிகளில் எதிரி வரும் வழியைப் பார்த்து மணல்மூட்டை, முள்கம்பி. பொறியாளர் சும்மா நிற்கும் நேரத்திலெல்லாம் இதைச் செய்யட்டும்.

5. இதற்கெல்லாம் பிறகுதான் மெக் கட்டும் ஒர்க்‌ஷாப். முதலில் சின்ன மெக். பெரியதற்காகச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தால், அது வரும்போது காக்க வேண்டிய கொடி ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஸ்கர்மிஷ் தொடங்கும் முன்பே ரிசர்வ் தேர்வு ஒன்று வரும். தேவைப்படும்போது கூப்பிடக்கூடிய துணைப்படை இது. அன்னா போன்ற நாயகர்களும் இந்த வழியில்தான் வருவார்கள். கூப்பிடும்போது வளம் செலவாகும் என்பதால் விலை அதிகமானதை எடுத்துக் கடைசிவரை கூப்பிடாமலே தோற்பவர்கள் உண்டு. ஆரம்பத்தில் மலிவான காலாட்படை சேர்ந்ததாக எடுங்கள்.

ஐந்தாம் படி: ஐந்து பேர் குழுவை உயிரோடு வைத்திருப்பது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் மறைவு. திறந்த வெளியில் நிற்கும் குழு சீக்கிரம் சாகும். சுவர், மணல்மூட்டை, வேலி என்று எதன் பக்கத்திலாவது மவுஸைக் கொண்டுபோனால் யார் யார் எங்கே பதுங்குவார்கள் என்று அடையாளம் தெரியும். கனமான மறைவு, லேசான மறைவு என்று இரண்டு வகை. கல்சுவர் நன்றாகத் தாங்கும், மரவேலி பேருக்குத்தான். வீடுகளுக்குள்ளும் புகலாம். ஆனால் மறைவு என்பது ஒரு பக்கத்துக்குத்தான். எதிரி பக்கவாட்டில் வந்துவிட்டால் அந்தச் சுவர் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். ஆகவே எதிரி சுவருக்குப் பின்னால் இருந்தால் நேராகப் போய் முட்டாதீர்கள். ஒரு குழு முன்னால் நின்று சுடட்டும், இன்னொன்று சுற்றிப் போகட்டும். இந்த ஒரு விஷயம் கைவந்துவிட்டால் கணினியோடு ஆடும் ஆட்டங்களில் பாதியை ஜெயித்துவிடலாம்.

எந்த மறைவும் நிரந்தரமல்ல. மெக் ஒன்று வீட்டுக்குள்ளேயே நடந்துபோய் அதை இடித்துவிடும். பத்து நிமிடம் முன்னால் கோட்டையாக இருந்த கிராமம் பிறகு செங்கல் குவியல். உங்களுக்குத் தொந்தரவாக இருக்கும் வீட்டை நீங்களும் இப்படி இடிக்கலாம். சுடுவதை விட மேலே நடந்துபோவது சில நேரம் வேகமான வழி.

அடுத்து, யார் எதற்கு. துப்பாக்கிக் குழு பொது வேலைக்கு. இயந்திரத் துப்பாக்கிக் குழு காலாட்படையைக் கிழிக்கும். கையெறி குண்டுக் குழு மறைவில் கூட்டமாகப் பதுங்கியிருப்பவர்களுக்கும் கட்டடங்களுக்கும். தீ பீய்ச்சும் குழு கிட்டத்தில் பயங்கரம், தூரத்தில் பரிதாபம். கன்னர் மெக்குக்கு எதிரி. மருத்துவர் சுடமாட்டார் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சண்டை நடக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு மருத்துவக் குழு இருந்தால், அடிபட்டவர்கள் முகாம்வரை நடந்துபோய்த் திரும்பிவரும் நேரம் மிச்சம். அந்த நேரத்தில் நீங்கள் ஒரு கொடியைப் பிடித்துவிடலாம்.

இப்போது இந்த விளையாட்டின் தனிச்சிறப்புக்கு வருகிறேன். ஒரு குழு முழுதாகச் செத்தால் அதன் ஆயுதம் தரையில் கிடக்கும். உங்கள் குழு எதையும் அதன்மேல் ரைட் கிளிக் செய்து அனுப்பினால், அந்த ஆயுதத்தை எடுத்துக்கொண்டு அந்த வகைக் குழுவாக மாறிவிடும். எதிரியின் பொறியாளர்களைக் கொன்றீர்களா? அந்தக் கருவிகளை உங்கள் துப்பாக்கிக் குழு எடுத்துக்கொண்டால் அவர்களே பொறியாளர்கள். பாரக்ஸுக்கு ஒரு பைசா செலவில்லாமல், முன்வரிசையிலேயே.

இதிலிருந்து ஒரு வழக்கம் பிறக்கிறது. எல்லாவற்றையும் முகாமில் விலை கொடுத்து வாங்காமல், மலிவான துப்பாக்கிக் குழுக்களை நிறைய எடுத்து, சண்டைக்களத்தில் கிடைப்பதை வைத்து அவர்களை மாற்றிக்கொள்வது. எதிரி மெக்கோடு வருகிறான், கீழே ஒரு கன்னர் ஆயுதம் கிடக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். அதே நேரம் உங்கள் ஆள் செத்தாலும் இதே கதைதான். கன்னர் குழு ஒன்றை எதிரியின் கைக்கெட்டும் இடத்தில் பறிகொடுத்தால் அவனுக்குப் பரிசு கொடுத்த மாதிரி. சண்டை முடிந்ததும் தரையைப் பார்க்காமல் நகரக் கூடாது.

அதனால்தான் பின்வாங்கும் பொத்தான் முக்கியம். அதை அழுத்தினால் குழு சண்டையை விட்டுவிட்டுத் தலைமையகத்தை நோக்கி ஓடும். ஐந்து பேரில் இரண்டு பேர் விழுந்ததும் அழுத்துங்கள். நான்கு பேர் விழுந்தபின் அழுத்திப் பயனில்லை. உயிர் பிழைத்த குழு தன் அனுபவத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. சண்டைகளில் தேறிய குழு நிலை உயர்ந்து, புதிய குழுவை விட நன்றாகச் சண்டையிடும். ஒரு கொடியை விட்டுக்கொடுத்து ஒரு தேறிய குழுவைக் காப்பாற்றுவது லாபம். கொடியைப் பத்து நிமிடத்தில் திரும்பப் பிடித்துவிடலாம்.

ஆறாம் படி: இப்போது மெக்

சரி, ஆசைப்பட்ட இடத்துக்கு வந்துவிட்டோம்.

மெக் என்பது ஊர்த் தேர் மாதிரி. நேராகப் போகும்போது எதிரே எதுவும் நிற்காது. ஆனால் திரும்புவது பெரும்பாடு, சுற்றி ஆள் இல்லாமல் அசைக்கவே கூடாது. முன்பக்கக் கவசம் தடிமன், பின்பக்கம் மெலிது. கன்னர்கள் நேராகச் சுட்டுக்கொண்டிருந்தால் மணிக்கணக்கில் தாங்கும் இயந்திரம், அவர்கள் பின்னால் போய்விட்டால் சட்டென்று விழும்.

ஆகவே ஒவ்வொரு மெக்குக்கும் கூடவே இரண்டு காலாட்படைக் குழு, ஒரு பொறியாளர் குழு. காலாட்படை பின்னால் வருபவர்களைப் பார்த்துக்கொள்ளும். பொறியாளர் சேதத்தைப் பழுது பார்ப்பார். சண்டை ஓயும்போதெல்லாம் மெக்கை இரண்டடி பின்னுக்கு இழுத்துப் பழுது பார்த்துவிடுங்கள். புதிய மெக் கட்டுவதை விட இது எவ்வளவோ மலிவு.

எதிரி மெக்கை வீழ்த்த இதையே தலைகீழாகச் செய்யுங்கள். உங்கள் மெக்கோ பங்கரோ முன்னால் நின்று அதன் கவனத்தைப் பிடித்துவைக்கட்டும். இரண்டு கன்னர் குழு வீடுகளுக்கு இடையே பதுங்கிப் பின்பக்கம் போகட்டும். முதலில் அதன் கூட வரும் காலாட்படையைத் தீர்த்துவிடுங்கள், பிறகு மெக் தானே தனியாக நிற்கும். பீரங்கி இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு போய்த் திருப்பி நிறுத்த நேரம் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லா மெக்கும் ஒன்றல்ல. ரஸ்வியட்டின் செர்ப் அரிவாள் கைகளோடு கிட்டே வந்து வெட்டும். அதைத் தூரத்திலேயே சுட்டு நிறுத்த வேண்டும். பொலேனியாவின் ஷ்மியாவி நீண்ட பீரங்கியோடு தூரத்திலிருந்து அடிக்கும். எதிரியை அதன் கிட்டே விடாமல் அதை ஓட்டுபவர் ஜெயிப்பார், எதிர்ப்பக்கத்தில் இருந்து அதன் கிட்டே போய்விடுபவரும் ஜெயிப்பார். சாக்சனியின் ஸ்டீஃப்முட்டர் போன்ற பீரங்கி வகைகள் பின்வரிசைக்கு மட்டும். நீங்கள் எந்த மெக்கைக் கட்டினாலும் முதலில் அதன் விவரக் குறிப்பில் அது யாரை அடிக்கும், எவ்வளவு தூரம் அடிக்கும் என்று படித்துவிடுங்கள். காலாட்படைக்கு எதிரான மெக்கை மெக்கோடு மோதவிடுவது வீண் செலவு.

பெரிய மெக்குகளில் எனக்குப் பிடித்தது ரஸ்வியட்டின் குல்யாய்-கோரத். நடக்கும் கோட்டை. நிஜ ரஷ்ய வரலாற்றில் பழைய காலத்தில் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு போன மரக்கோட்டைகளுக்கும் இதே பெயர்தான். அழகாக இருக்கிறது என்பதற்காக ஒருமுறையாவது கட்டிப் பாருங்கள். ஜெயிப்பதற்காக என்றால், அந்தப் பணத்தில் இரண்டு நடுத்தர மெக்கும் கூடவே ஆட்களும் வைத்துக்கொள்வது பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

எந்த அணி?

புதியவருக்கு என் பரிந்துரை பொலேனியா. தூரத்திலிருந்து அடிப்பது, நகர்ந்துகொண்டே இருப்பது அதன் பாணி. தப்பு நடந்தால் பின்வாங்க இடம் இருக்கும். கேம்பெய்னில் பழகிய அணியும் அதுதான்.

சாக்சனி மெதுவானது, கவசம் தடித்தது. பொறுமைசாலிகளுக்கு. எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதை அசைப்பது கடினம். ரஸ்வியட் கிட்டே போய் மோதும் அணி. கணினியோடு ஆடும்போது குஷியாக இருக்கும். ஆட்டம் தெரிந்த மனிதரோடு ஆடும்போது, கிட்டே போவதற்குள் பாதிப் படை போய்விடும்.

நான்காவது அணி உசோனியா. அமெரிக்காவின் கற்பனை வடிவம். 2021 மே மாதம் ஆபரேஷன் ஈகிள் என்ற கூடுதல் பகுதியோடு வந்தது. அதோடுதான் வானூர்திகளும் வந்தன. கேம்பெய்ன் மூன்றையும் முடிக்கும்வரை இதைத் தொட வேண்டியதில்லை. வானத்தையும் சேர்த்துக் கவனிப்பது புதியவருக்குச் சுமை. அதற்கு முன், 2020 டிசம்பரில் வந்த ரஸ்வியட் ரெவல்யூஷன் சின்னக் கேம்பெய்ன். ரஸ்வியட் நாயகி ஓல்கா மொரோசோவாவையும் அவள் புலி சாங்காவையும் பிடித்துப்போனவர்கள் அதை வாங்கலாம், மற்றவர்களுக்கு அவசரமில்லை. எல்லாம் சேர்ந்த கம்ப்ளீட் எடிஷன் தள்ளுபடியில் கிடைத்தால் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஏழாம் படி: மனிதர்களோடு

கேம்பெய்ன் முடிந்ததும் நேராக அந்நியரோடு ஒன்றுக்கு ஒன்று ஆடப் போகாதீர்கள். ஸ்கர்மிஷில் எளிதான கணினி எதிரியோடு ஒரே மேப்பைத் திரும்பத் திரும்ப ஆடுங்கள். கொடிகள் எங்கே, கல்சுவர் எங்கே, பெட்டிகள் எங்கே என்று கண்ணை மூடினாலும் தெரிய வேண்டும். அப்புறம் சிரமத்தை ஒரு படி ஏற்றுங்கள். தோற்கும் ஆட்டங்களில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஐந்தாவது நிமிடத்தில் உங்களிடம் எத்தனை கொடி, எதிரியிடம் எத்தனை. பெரும்பாலும் தோல்வி அங்கேயே எழுதப்பட்டிருக்கும், கடைசியில் வந்த மெக் அதைப் படித்துக் காட்டியது அவ்வளவுதான்.

ஒரு நண்பரையும் சேர்த்துக்கொண்டு இரண்டு பேராகக் கணினியை எதிர்ப்பது நல்ல அடுத்த கட்டம். வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் காலாட்படையும் கொடியும், இன்னொருவர் மெக். யார் எதை எடுப்பது என்று சண்டை வரும், மெக் எடுக்க இருவரும் கை தூக்குவீர்கள். காலாட்படையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டை நிஜமாகக் கற்றுக்கொள்வது அந்தப் பக்கத்தில் இருப்பவர்தான்.

வெளியாகிச் சில வருடம் ஆன விளையாட்டு என்பதால், இந்திய நேரத்தில் நள்ளிரவுக்கு முந்தைய மணிகளில்தான், அதாவது ஐரோப்பாவில் மாலை வேளையில், எதிராளிகள் கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் கிடைக்காவிட்டால் நண்பர்களோடு தனி அறை திறந்து ஆடுவதே மேல்.